அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு, முகத்துக்கு என்ன பண்ணலாம்?

பள்ளத்தூர் மருமகள் எழுதியது:

எனக்கு 57 வயசு. வர்ற தைக் கடைசியில எங்க வீட்டுக்காரவுகளுக்கு 60 நிறையுது. சாந்தியைப் பள்ளத்தூர்ல பெரிய வீட்டுலயே வச்சுக்கிறதுன்னு பங்காளிக எல்லாரும் பேசி முடிச்சாச்சு. கல்யாணத்தன்னைக்குப் போட்ட கழுத்திருவை அன்னைக்குத்தான் மறுபடியும் போடப்போறேன். எங்க முகப்புல மாமனார் மாமியாரோட ரெண்டு படம் பக்கத்துல பக்கத்துல தொங்குது. ஒண்ணு கல்யாணப் படம், ஒண்ணு சாந்திப் படம். எங்க கல்யாணப் படம் அதுக்குக் கீழ இருக்கு, அது பக்கத்துல ஒரு ஆணி காலியா இருக்கு. அந்த ஆணியில மாட்டப்போற படத்துல என் முகம் எப்படி இருக்கும்ங்கிறதுதான் ஒரு மாசமா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

வயசைக் குறைச்சுக் காட்டணும்னு ஆசையில்ல. எந்த விசேஷத்துக்குப் போனாலும் "ஆச்சி, உடம்புக்கு முடியலையா? ராத்திரி தூங்கலையா?"ன்னு கேக்குறாக. நான் நல்லாத்தான் இருக்கேன். மாமியார் படுக்கையில இருந்த ஆறு வருஷமும் கூடவே இருந்து பாத்தேன், அவுக போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அந்தச் சலிப்பு என் மனசை விட்டுப் போயிருச்சு, முகத்துல மட்டும் தங்கிக்கிச்சு. அது போனாப் போதும்.

புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு, நான் சும்மா இருந்தாலும் கோபமா இருக்க மாதிரி காட்டுது. ரெண்டு கன்னத்துலயும் மங்கு, பத்து வருஷமா. கன்னம் ஒட்டிப் போயி, வாய் ஓரத்துல இருந்து நாடி வரைக்கும் சதை இறங்கியிருக்கு. இடது இமை கனமா இருக்கு. தோடு போட்டுப் போட்டுக் காதோட்டை நீண்டு, வைரத்தோடு முன்னால கவுந்து நிக்குது. எட்டு வருஷமா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறேன். மாசம் ஒரு தடவை தலைக்கு டை. மங்குக்கு மெடிக்கல்ல வாங்கின ஒரு க்ரீம் ரெண்டு வருஷமாத் தடவுறேன், விட்டா எரியுது.

போன வாரம் மகளோட ஒரு பெரிய ஊர்ல இருக்க கிளினிக்குக்குப் போனேன். டாக்டரையே கண்ணுல காட்டல. ஒரு சின்னப் பொண்ணு படம் புடிச்சு, கம்ப்யூட்டர்ல என் முகத்துல சிவப்பு சிவப்பா வட்டம் போட்டுக் காட்டுச்சு. ஹைஃபூ, நூல் இழுக்குறது, வெளுக்குறதுக்கு டிரிப் எல்லாம் சேத்து 1,85,000. அன்னைக்கே கட்டினா 40,000 குறைவாம். என் சர்க்கரையைப் பத்தி யாரும் கேக்கல. யோசிச்சுச் சொல்றேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

போடாக்ஸா, ஃபில்லரா, லேசரா, ஆபரேஷனா? யாரைப் பாக்குறது? பண்ணிக்கிட்டவுக யாராச்சும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.


கோட்டையூர்க்காரி எழுதியது:

ஆச்சி, எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான். ஆறு வருஷம் மாமியாரைப் பாத்த முகம் அது, ஊர்ல எல்லாருக்கும் அது தெரியும். என்னைக் கேட்டா ஒண்ணும் வேணாம், அப்படியே படத்துல விழுந்தா பேரன் பேத்திக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும். மனசுக்கு ஆசையா இருந்தா நல்ல டாக்டராப் பாத்துச் செய்ங்க, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல.


கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

தங்கச்சி, பணத்தைக் கட்டாம எந்திரிச்சு வந்தீங்களே, நல்ல காரியம் பண்ணினீங்க. நான் கட்டினவ.

எனக்கு இப்ப 62. நாலு வருஷத்துக்கு முன்னால மகன் கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கையில, சென்னையில ஒரு இடத்துல லேசர் பண்ணிக்கிட்டேன். மங்கும் போயிரும், சுருக்கமும் போயிரும்னாக. சித்திரை மாசம். ஒரு வாரம் தோல் உரிஞ்சு, பத்தாம் நாள் முகம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மூணாவது வாரம் லேசர் பட்ட இடம் பூராப் பழுப்பேறிப் போச்சு. கல்யாணத்தன்னைக்குப் பொண்ணுக்குப் போட்டதை விட எனக்குத்தான் அதிகமா மேக்கப் போட்டாக. அது மங்க பத்து மாசம் ஆச்சு. வளவுல உக்காந்து அழுதிருக்கேன். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அப்புறம்தான் மதுரையில ஒரு தோல் டாக்டரம்மாவைப் போயிப் பாத்தேன். அந்தம்மா மெஷினைப் பத்திப் பேசவேயில்ல. ஒரு கைக்கண்ணாடியைக் கையில குடுத்து, "முதல்ல உங்க முகத்துல மாறிப்போனது எதுன்னு பாப்போம், மருந்து அப்புறம்"னாக. அதை அப்படியே உங்களுக்குச் சொல்றேன், வீட்டுலயே பண்ணிப் பாருங்க.

காலையில சன்னலோரம் நல்ல வெளிச்சத்துல உக்காருங்க. புருவத்தைச் சுளிங்க, அப்புறம் விடுங்க. சுளிச்சாத்தான் கோடு விழுது, விட்டா மறைஞ்சிருதுன்னா அது தசையோட வேலை. அதுக்குத்தான் போடாக்ஸ். அது சுருங்குற தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். தோலையும் இழுக்காது, மங்கையும் தொடாது. விட்ட பிறகும் கோடு நிக்குதுன்னா போடாக்ஸ் பாதிதான் குறைக்கும்.

அடுத்தது, கண்ணாடியைக் கிட்ட வச்சு நிறத்தையும் மேல்தோலையும் பாருங்க. மங்கு, புள்ளி, சொரசொரப்பு, பொடிச் சுருக்கம் இதெல்லாம் பெரும்பாலும் வெயிலோட வேலை. இதுக்கு சன்ஸ்கிரீன், ராத்திரி க்ரீம், லேசான பீல், அதாவது மருந்து தடவி மேல்தோலை மெல்ல உரிக்கிறது.

மூணாவது, பட்டாலைத் தரையில மல்லாக்கப் படுத்துக்கிட்டு கண்ணாடியை மேல புடிங்க. நாடி ஓரத்துச் சதை பின்னால போயி முகம் பழைய முகமாத் தெரிஞ்சா, அது தொய்வு. நான் படுத்துப் பாத்தப்ப என் 40 வயசு முகத்தைப் பாத்தேன், கொஞ்ச நேரம் எந்திரிக்கவே மனசு வரல. இந்தத் தொய்வை நெசமாத் தூக்குறது ஆபரேஷன் ஒண்ணுதான். க்ரீமு, ஃபேஷியல், போடாக்ஸ் எதுவும் தூக்காது. ஹைஃபூங்கிறது அல்ட்ராசவுண்டால தோலுக்கு அடியில சூடு குடுத்து இறுக்குறது. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும், அதுவும் லேசான தொய்வுக்குக் கொஞ்சம். ஏற்கனவே கன்னம் ஒட்டினவுகளுக்குக் கொழுப்பு இன்னும் கரைஞ்சு போற ஆபத்து இருக்குன்னு என் டாக்டர் வேணாம்னுட்டாக. தோலுக்கு அடியில நூல் விட்டு இழுக்குறதும் நெடுநாள் நிக்காது. உங்களுக்கு அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்த ரெண்டும் இதுதான், பாத்துக்கங்க.

கன்னம் ஒட்டுறது நாலாவது சங்கதி. வயசாக ஆக முகத்துல கொழுப்பும் கரையுது, எலும்பும் தேயுது. தீட்டு நின்ன முதல் 5 வருஷத்துல தோல்ல இருக்க கொலாஜன் சுமார் 30 சதவீதம் போயிருதும்பாக. ஒட்டின இடத்தை நிரப்புறதுதான் ஃபில்லர். ஹயலூரானிக் அமில ஃபில்லர்னா ஆறு மாசத்துல இருந்து ஒண்ணரை வருஷம் வரைக்கும் நிக்கும். புடிக்கலைன்னா ஹயலூரானிடேஸ்னு ஒரு ஊசி போட்டுக் கரைச்சிரலாம். ஆனா ஒண்ணு சொல்றேன், தங்கச்சி, இதை மனசுல நல்லா வச்சுக்கங்க. ஃபில்லர் தப்பித்தவறி ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா அந்த இடத்துத் தோல் செத்துப் போகும், கண்ணே போனவுகளும் உண்டு. எப்பவோ ஒருத்தருக்குத்தான் நடக்கும், ஆனா நடந்தா உடனே அந்தக் கரைக்கிற மருந்தை ஏத்தணும். அது கைவசம் இல்லாத இடத்துல, அதுவும் பார்லர்ல, ஃபில்லர் போட்டுக்கவே கூடாது. "கரைக்கிற மருந்து இங்க இருக்கா?"ன்னு நேருக்கு நேராக் கேளுங்க. முகம் சுளிச்சா வந்துருங்க.

என் லேசர் ஏன் கெட்டுச்சுன்னும் சொல்லணும். தோல் நிறத்தை 6 வகையாப் பிரிக்கிற ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுன்னு ஒண்ணு இருக்கு. நம்ம பக்கத்து ஆளுக பெரும்பாலும் 4, 5. இந்தத் தோலைச் சுட்டாலும் சுரண்டினாலும், ஆறும்போது கறுப்பைக் கக்கும். வெள்ளைக்காரவுக படத்தைக் காட்டி நமக்குச் சொல்றது செல்லாது. அதுலயும் மங்கு இருக்க முகத்துல, வெயில் காலத்துல, முன்னாடியே தோலைத் தயார் பண்ணாம லேசர் வச்சது பெரிய பிசகு. இன்னைக்கு நான் வீட்டை விட்டு இறங்கினா சன்ஸ்கிரீன் இல்லாம இறங்குறதில்ல. ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும். மங்குக்குச் சாதாரண சன்ஸ்கிரீன் பத்தாது, கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமே மங்கைக் கிளப்பும். அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்துல இருக்க சன்ஸ்கிரீனாக் கேட்டு வாங்குங்க. நம்ம வீட்டு வளவுல வத்தல் காயப்போட்டு, பணியாரத்துக்கு மாவாட்டி எத்தனை வெயில் பட்டிருப்போம்! வீட்டுக்குள்ளதானே இருக்கோம்னு நெனச்சுருவோம்.

ராத்திரிக்கு ட்ரெட்டினோயின் 0.025 சதவீத க்ரீம். பட்டாணி அளவு, முதல்ல மூணு நாளைக்கு ஒரு தடவை. உரியும், சிவக்கும், பயந்து விட்டுறாதீங்க, பலன் தெரிய மூணு நாலு மாசம் ஆகும். அமெரிக்க மருந்துத் துறை 1995-லயே இந்த மருந்தை வெயில்ல கெட்ட தோலுக்குன்னு ஒத்துக்கிட்டுச்சு. டாக்டர் சீட்டோடதான் வாங்கணும். பணமும் ரொம்ப ஆகாது. எனக்கு மத்த எல்லாத்தையும் விட நிலைச்ச பலன் குடுத்தது இதுதான்.

போடாக்ஸ் நான் ரெண்டு தடவை போட்டிருக்கேன், புருவ நடுவுல. மூணு நாலு நாள்ல ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல முழுசாத் தெரியும், மூணு நாலு மாசம் நிக்கும். அந்த இடத்துக்கு வழக்கமான அளவு 20 யூனிட். கம்பெனிக்குக் கம்பெனி யூனிட் வேற, அதனால எந்தக் கம்பெனின்னு கேட்டு, பாட்டிலை உங்க முன்னால பிரிக்கச் சொல்லுங்க. தப்பா இறங்கினா இமை கொஞ்ச நாள் தொங்கும், தானாச் சரியாகும். உங்களுக்கு இடது இமை ஏற்கனவே கனமா இருக்குன்னீங்க, அதைக் கட்டாயம் முன்னாடியே சொல்லணும்.

ஆபரேஷனைப் பத்தி: எங்க அண்ணமிண்டி, அண்ணன் சம்சாரம், 64 வயசுல ஃபேஸ்லிஃப்ட் பண்ணிக்கிட்டாக. காதுக்கு முன்னால வெட்டி, தோலோட அடியில இருக்க சவ்வையும் சேத்து இழுத்துத் தைக்கிறாக. வீக்கமும் கன்னிப் போனதும் மூணு வாரம், காதுப் பக்கம் மரத்துப் போனது அஞ்சு மாசம். இப்ப அழகா இருக்காக, நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா ரத்த அழுத்தம், சர்க்கரை ரெண்டும் கட்டுக்குள்ள இருக்கணும், சிகரெட் கூடாது, ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிட்டா அதைச் சொல்லணும். ஏழு மாசத்துக்குள்ள பண்ணலாம்தான். ஆனா உங்க எழுத்தைப் படிச்சா நீங்க கேக்குறது அது இல்லைன்னு எனக்குத் தோணுது. உங்களைச் சலிப்பாக் காட்டுறது புருவக் கோடும் மங்கும் இமையும்தான்.

நானா இருந்தா இப்ப ஆனியிலயே சன்ஸ்கிரீனும் ராத்திரி க்ரீமும் ஆரம்பிப்பேன், டாக்டர் சரின்னா புரட்டாசி ஐப்பசியில மூணு பீல். போடாக்ஸை மார்கழியில பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்குற சமயத்துல போட்டுக்குவேன். தைக் கடைசிக்குச் சரியா நிக்கும், ஏதாச்சும் கோணலா இருந்தாலும் திருத்த நாள் இருக்கும். விசேஷத்துக்கு ஒரு மாசத்துக்குள்ள புதுசா எதையும் முகத்துல வச்சுப் பாக்காதீங்க.


தேவகோட்டை செவிலி எழுதியது:

தோல் பிரிவுல 19 வருஷமா நர்ஸா இருக்கேன். கானாடுகாத்தான் ஆச்சி சொன்னது எல்லாம் சரி. எனக்கு அதை விட அவசரமாத் தெரியிறது வேற, அக்கா.

அந்த மெடிக்கல் க்ரீமை இன்னைக்கே எடுத்து அட்டையைப் படிங்க. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால்னு எதாவது எழுதியிருந்தா அது ஸ்டீராய்டு. விட்டா எரியிறது அதோட அடையாளம். முகத்துத் தோல் மெலிஞ்சு, சிவப்பா நரம்பு ஓடி, முடி முளைக்கும். இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்கள் பலதை 2018-ல சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அரசாங்கம் ஷெட்யூல் எச்-ல சேத்தும் இன்னும் கடையில கேட்டதும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. திடீர்னு நிறுத்தாதீங்க, இன்னும் மோசமாச் சிவக்கும். டாக்டர் படிப்படியாக் குறைப்பாங்க. அந்தத் தோல் தேறாம பீலோ லேசரோ ட்ரெட்டினோயினோ எதுவும் தொடக்கூடாது. எங்ககிட்ட வர்ற பத்துப் பதினஞ்சு பேரை இதுக்காகவே திருப்பி அனுப்பின வாரமும் உண்டு, அக்கா. ஒவ்வொருத்தர் கண்லயும் தண்ணி நிக்கும்.

ரெண்டாவது டை. நெத்திப் பொட்டுலயும் காதோரத்துலயும் கறுப்பு இருக்கான்னு பாருங்க. டையில இருக்க பிபிடிங்கிற ரசாயனம் ஒத்துக்காம வர்ற கறுப்பை எல்லாரும் மங்குன்னே நெனச்சுக்கிறாங்க. அதுக்கு எந்த லேசரும் வேணாம், டையை நிறுத்தணும். ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடத்துல வெள்ளையா மாறினாலும் பொட்டோட பசைதான் காரணமா இருக்கும்.

வெளுக்குற டிரிப் வேணவே வேணாம். குளுட்டதயோனை ஊசியா ஏத்துறதைப் பத்தி பிலிப்பைன்ஸ் மருந்துத் துறை 2011-லயே எச்சரிக்கை விட்டிருக்கு, ஈரலும் கிட்னியும் பாதிக்கலாம்னு. சர்க்கரைக்காரங்களுக்குக் கிட்னியைப் பணயம் வைக்க முடியுமா?

பல் எதாச்சும் எடுத்திருக்கீங்களா? கடைவாய்ப் பல் போனா தாடை எலும்பு தேஞ்சு கன்னமும் உதட்டோரமும் உள்ள இழுக்கும். அதுக்கு மேல ஃபில்லர் போட்டு நிரப்புறாங்க, பல்லைக் கட்டினாலே கொஞ்சம் சரியாகலாம். எச்பிஏ1சி, அதாவது மூணு மாசச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுற ரத்தப் பரிசோதனை, பாத்துட்டுத்தான் ஊசி, கத்தி எல்லாம். காதோட்டைக்குக் கவலைப்படாதீங்க, மரத்துப் போற ஊசி போட்டு அரை மணி நேரத்துல தைச்சிருவாங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி குத்தணும், அதனால அதை முதல்ல முடிச்சிருங்க.

டாக்டர் போர்டுல எம்.டி. டி.வி.எல். இல்லாட்டி டி.டி.வி.எல்.னு தோல் மருத்துவப் படிப்பு இருக்கான்னு பாருங்க. ஆபரேஷன்னா பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சி.எச். படிச்சிருக்கணும். "காஸ்மெட்டாலஜிஸ்ட்"னு மட்டும் போட்டிருந்தா என்ன படிச்சிருக்காங்கன்னு கூச்சப்படாமக் கேளுங்க.


நாச்சியாபுரம் தம்பி எழுதியது:

ஆச்சி, இமையைப் பத்தி மட்டும் சொல்றேன். எங்க ஆத்தாவுக்கும் ஒரு பக்க இமை இறங்கியிருந்துச்சு. வயசுன்னு நாலஞ்சு வருஷம் விட்டுட்டோம். சாயங்காலமானா இன்னும் இறங்கும், படிக்கையில கையால தூக்கிப் புடிச்சுக்குவாக. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில இமைக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, அங்க காட்டினோம். இமையைத் தூக்குற தசை தளர்ந்து போனது வேற, தோல் மட்டும் தொங்குறது வேறன்னு அளந்து பாத்துச் சொன்னாக. ஆத்தாவுக்குத் தசை. சின்ன ஆபரேஷன்தான், பத்து நாள்ல தையல் தெரியாமப் போச்சு. ஒரு பக்கம் மட்டும்னு நீங்க எழுதியிருக்கீங்க, அதனால அழகு கிளினிக்குக்கு முன்னால கண் டாக்டரைப் பாத்துருங்க. திடீர்னு இறங்கினதுன்னாலோ, ரெட்டையாத் தெரியுதுன்னாலோ நாளைக் கடத்தாதீங்க.


பள்ளத்தூர் மருமகள் எழுதியது:

எல்லாரும் இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு நெனைக்கல. மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், அலைச்சல்.

க்ரீம் அட்டையில மொமெட்டசோன்னு இருந்துச்சு. நர்ஸ் தங்கச்சி எழுதினதைப் படிச்சிட்டு ராத்திரி தூக்கமே வரல. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் நான்தான் அதை வாங்கச் சொன்னேன். மறுநாள் காலையிலயே போயி அவகிட்டச் சொல்லி, மதுரைக்கு ரெண்டு பேருமாத்தான் போனோம். டாக்டர் எம்.டி. ரெண்டு பேருக்கும் நிதானமாக் குறைக்கிறதுக்கு எழுதிக் குடுத்திருக்காக. ரெண்டு மாசத்துக்குத் தோலை ஒண்ணும் பண்ணப்போறதில்ல, வாசனையில்லாத க்ரீமும் நிறம் போட்ட சன்ஸ்கிரீனும் மட்டும். அதுக்கப்புறம்தான் ட்ரெட்டினோயின். பீலைப் பத்தி ஐப்பசியில பேசுவோம்னுட்டாக.

நெத்திப் பொட்டுல கறுப்பு இருந்துச்சு, தங்கச்சி. டையை நிறுத்தியாச்சு. சாந்திப் படத்துல நரைச்ச தலையோடதான் இருப்பேன், எங்க மாமியாரும் அப்படித்தான் இருக்காக.

பட்டாலையில படுத்துக் கண்ணாடி புடிச்சுப் பாத்தேன், ஆச்சி. நாடி ஓரம் மறைஞ்சுச்சு. ஆனா கன்னக்குழி அப்படியே இருந்துச்சு. கீழ்க் கடைவாய்ப் பல்லு ரெண்டு பக்கமும் எடுத்து ஏழு வருஷம் ஆகுது, மாமியாரைப் பாக்குற நாள்ல கட்ட நேரமில்லாம விட்டது. காரைக்குடியில பல் டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டு பல் கட்டுற அளவுக்கு எலும்பு இருக்குன்னாக. எச்பிஏ1சி 7.9, அதை இறக்கிட்டு வரச் சொல்லியிருக்காக. ராத்திரிச் சோத்தைக் குறைச்சு, விடியக்காலையில ஊருணிக் கரையைச் சுத்தி நடக்குறேன்.

இமைக்கு அடுத்த புதன்கிழமை. காதுத் தையல் நேத்துப் போட்டாச்சு, தோடு ரெண்டும் பெட்டியில இருக்கு. புருவத்துக்கு மட்டும் பிள்ளையார் நோன்புச் சமயத்துல போடாக்ஸ் போட்டுக்கிறதுன்னு எங்க வீட்டுக்காரவுககிட்டயும் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நானும் கூட வர்றேன், காருல போயிட்டு வந்துருவோம்"னாக.